போர்டுக்குக் கீழே நாலு நிமிடம்

அபராதம் கட்டுவது ரொம்பச் சுலபம், சார். மூன்று நிமிட வேலை. இணையதளத்தைத் திறந்து வண்டி நம்பரைப் போட்டால், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய போனுக்கு ஓடிபி வரும். அதை அடித்தால் தேதி, இடம், போலீஸ்காரர் எடுத்த போட்டோ எல்லாம் வந்து நிற்கும். பணத்தைக் கட்டினால் ரசீது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

'நான் தப்பே செய்யவில்லை' என்று வாதாடுவதுதான் நாள் பிடிக்கிற வேலை. மனு எழுத வேண்டும், ஆதாரம் சேர்க்க வேண்டும், யாராவது அதைப் படிக்க வேண்டும், கோர்ட் வரைக்கும் போனாலும் போகலாம். நல்லம்பள்ளியில் பதினொரு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில். இந்த இரண்டு வேலையையும் என் அளவுக்குப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் குறைவு.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கொஞ்சம் மெதுவாக அடிக்கிறார். பரவாயில்லை, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். பெயர் அறிவழகன், வயது நாற்பத்தொன்று. அதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது.

சந்தைக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போவார். பிறகு போனில் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வரும். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். முகத்தைப் பார்த்தாலே தெரியும். பணம் போகிறதே என்ற கவலை பாதிதான். தன் பேரில் ஒரு கேஸ் இருக்கிறதே என்பதுதான் மீதி. "எதிர்த்து எழுதிப் போடுங்க தம்பி, எவ்வளவு ஆனாலும் சரி" என்பார்.

எழுதுவேன். அவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்வேன். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. ஓடிபியும் அப்போதே வாங்கிவிடுவேன். அவர் படி இறங்கியதும் மனுவை மேஜைக்குக் கீழே இருக்கிற அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, அந்தக் கட்டணத்திலிருந்தே அபராதத்தைக் கட்டிவிடுவேன். பத்து நாள் கழித்து அவர் வரும்போது ரசீதை நீட்டுவேன். "கேஸ் முடிஞ்சுதுங்க. ஜெயிச்சுட்டீங்க."

ரசீது இங்கிலீஷில் இருக்கும். யாரும் படித்ததில்லை. லேமினேட் செய்து தரச் சொன்னவர்கள்கூட உண்டு.

முனியம்மாள் என்று ஓர் அம்மா, மொபெட்டில் சாமந்திப்பூ கொண்டுபோய் விற்பவர். அவருக்கு ஒரு தரம் அப்படி வந்தது. ஜெயித்துவிட்டீர்கள் என்று சொன்னதும் கூடையிலிருந்து இரண்டு முழம் அளந்து மேஜைமேல் வைத்தார்.

"எங்க வூட்ல எல்லாரும் கட்டித் தொலை, கட்டித் தொலைன்னாங்க தம்பி. நாந்தான் விடல. நாயம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க்கா" என்றேன்.

அந்த அம்மா போன பிறகு ரொம்ப நேரம் அந்தச் சந்தோஷத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பானுமதிக்குத் தெரிந்தது.

*

பானுமதி என் மனைவி. சென்டரில் இரண்டாவது கம்ப்யூட்டர் அவளுடையது. தமிழில் அவள் அடிக்கிற வேகத்துக்கு நான் கிட்டவே நிற்க முடியாது. என் முன்னால் நாற்காலி காலியாக இருக்கும், அவள் முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். "நான் பானும்மாகிட்டயே பாத்துக்கறேங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிற்பார்கள். அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. குறித்து மட்டும் வைத்திருந்தேன்.

போன வருஷம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மதியம் கரண்ட் போயிருந்த நேரத்தில், கீழே விழுந்த பேனா மூடியைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தவள் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாள். நான் பேக்கரியில் இருந்தேன். திரும்பி வந்தபோது மனுக்களைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். இருநூறுக்கு மேல் இருக்கும். மூன்று மணிநேரம் படித்தாள். கரண்ட் வந்தும் எழுந்திருக்கவில்லை.

"இவங்கெல்லாம் செய்யலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள். "நீங்க அவங்க பேருல, செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

"காசு கட்டறது ஒத்துக்கறதாகுமா?"

"வேற என்னாங்க அது?"

அவளிடம் இது ஒரு கெட்ட பழக்கம், சார். பதில் இல்லாத இடத்தில் கேள்வி கேட்பாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது சாதாரணமாகச் சொன்னாள். "முனியம்மாக்காகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அந்த ரசீத எடுத்து வரச் சொன்னேன். வாங்கிப் படிச்சுக் காட்டினேன். அத மடிச்சு எங்கையிலயே குடுத்துட்டு பூ கட்டப் போயிடுச்சு." கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

மற்றவர்களுக்கும் சொல்லப் போவதாகச் சொன்னாள். பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சென்டருக்கு வராமல், மனுக்களில் இருந்த போன் நம்பர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு நாளும் சென்டரில் எல்லாரும் அவளைக் கேட்டார்கள். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று சொன்னேன். திங்கட்கிழமை, பதினாலாம் தேதி காலை பஸ்ஸுக்குப் போனாள் என்று தேதியோடு சொன்னேன். இதைத் திட்டம் என்று எழுத வேண்டாம். நாற்காலி காலியாக இருந்தது, ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, "மனசு சரியில்ல, தீர்த்தமலைக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

உள்ளே போய்ப் பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். "வந்ததும் மீதிப் பேருக்கு போன் போடணும்" என்றாள்.

"போடலாம்" என்றேன்.

*

அரூர் கடைவீதியில், ஒரு பூச்சிமருந்துக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். நல்லம்பள்ளியிலும் அந்த மாதிரிக் கடைகள் உண்டு. ஆனால் எனக்கு நிலம் கிடையாது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"இங்க நிறுத்தாதீங்க" என்றாள் பானுமதி. "தலைக்கு மேலயே போர்டு இருக்குது."

"நாலு நிமிஷம். நீ வண்டியிலயே உட்காரு. ஆள் இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியே வந்தபோது தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் சொல்றேன்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பையில என்னா?"

"சென்டர்ல எலி ஒயரக் கடிக்குதுல்ல."

"ஆமா, கடிக்குது" என்றாள்.

கோயிலுக்குப் போனோம். மலை ஏறினோம். என் பேருக்கு அர்ச்சனை செய்தாள். என் ராசியும் நட்சத்திரமும் எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது, அவள் சொல்லிவிட்டாள். திரும்பும் வழியில், அரூருக்கும் மொரப்பூருக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இரண்டு புளியமரம் நிற்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்றேன். புளிசாதம் இரண்டு பொட்டலம். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. எது எது என்று நான் தெரிந்து வைத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கஷ்டப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். சரியாகச் சொல்ல முடியாது. நான் கொஞ்சம் தள்ளி நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மரத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தண்ணீர் வற்றி எட்டு வருஷம் ஆகிறது, நிலத்துக்காரர் குடும்பத்தோடு திருப்பூரில். இதெல்லாம் நான் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே விசாரித்துவிட்டேன். எதையும் கடைசி நேரத்தில் செய்து எனக்குப் பழக்கமில்லை.

பானுமதிக்கு ஒரே ஓர் அண்ணன். எங்கள் கல்யாணத்தோடு பேச்சு நின்றுவிட்டது. தேட வேறு யாரும் இல்லை. சென்டரில் கேட்டவர்களுக்கு ஏற்கெனவே சொன்ன பதில் அப்படியே இருந்தது. புதிதாக எதுவும் சொல்ல வேண்டி வரவில்லை.

மறுநாள் காலை அந்த நோட்டையும் மனுக்களையும் எரித்தேன்.

*

இனி தீர்த்தகிரி.

என் பைக் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடையது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், மூன்று ஏக்கர், தக்காளி போடுகிறவர். போர்வெல் போட வேண்டும் என்று வண்டியை எனக்கு விற்றார். விற்பனைக் கடிதத்தை பானுமதிதான் அடித்தாள். பெயர் மாற்றுகிற படிவங்களில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "மொதல்ல பேர மாத்திடுங்க தம்பி" என்றார் அவர். "நாளைக்கே மாத்திடுங்க" என்றாள் இவள்.

ஊரில் அத்தனை பேருக்கும் பெயர் மாற்றிக் கொடுக்கிறவன் நான். வருகிறவர்களிடம் நான் சொல்கிற முதல் வார்த்தையே அதுதான். ஆனால் அந்தப் படிவங்கள் என் மேஜை டிராயரிலேயே ஆறு வருஷம் கிடந்தன. எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான், சார். ஒரு வண்டி மூன்று கை மாறும், ஆர்.சி. முதல் ஆள் பேரிலேயே இருக்கும். வண்டிதான் ஓடுகிறதே, அப்புறம் என்ன.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் காலை அவர் வந்தார். வந்ததும் விஷயத்தைச் சொல்லவில்லை. "வண்டி நல்லா ஓடுதுங்களா தம்பி?" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"இது ரெண்டு மாசமா உள்ளயே கெடந்திருக்குது. எனக்குப் படிக்கத் தெரியல. நேத்துதான் எங்க மலரு பாத்துட்டுச் சொல்லுச்சு. அரூர்ல எங்க வண்டிய போர்டு போட்ட எடத்துல நிறுத்தினதா கேஸாம். நான் அன்னைக்கு அரூர் பக்கமே போகலைங்க. எங்கிட்ட வண்டியே இல்லியே."

மலர் என்பது அவர் மகள் மலர்விழி. போலீஸ் வேலைக்கு எழுதிப் பாஸாகி, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடித்து, நன்னடத்தை விசாரணைக்கு ஆள் வருவதற்காகக் காத்திருந்த பெண். அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததே பானுமதிதான், காசு வாங்காமல்.

டீக்கடையில் யாரோ இவரிடம், அப்பன் பேரில் கேஸ் இருந்தால் பெண்ணுக்கு வேலை தர மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டி நிறுத்தின அபராதத்துக்கெல்லாம் யாரும் வேலையை நிறுத்த மாட்டார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

"எம்பேருல ஒரு புள்ளி இருக்கக்கூடாதுங்க தம்பி. அது அத்தன மேடு ஓடி ஓடிப் பயிற்சி எடுத்துச்சு. நான் ஒரு மெசேஜால கெடுத்துட்டேன்னு ஆயிடக்கூடாது."

போனைத் திருப்பிக் கொடுத்து ஓடிபி கேட்டேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பக்கம் திறந்தது. அக்டோபர் பதினாறு, புதன்கிழமை, பகல் 11.52.

போட்டோவில் என் வண்டி நின்றது. வண்டிமேல் பச்சைப் புடவையில் பானுமதி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு ஒரு முழம் மேலே போர்டு. ஒரு கையால் பூச்சிமருந்துக் கடைப் பக்கம் காட்டி, போட்டோ எடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'அவர் உள்ளே போயிருக்கிறார், வந்துவிடுவார்' என்று சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் சொல்கிறேன் என்றது இதைத்தான். ஊர் அபராதத்தையெல்லாம் கட்டுகிறவனுக்கே அபராதம். கட்டுவீங்களா, வாதாடுவீங்களா என்று கேட்க நினைத்திருப்பாள்.

மெசேஜ் என் போனுக்கு வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆர்.சி.யில் இருந்தது அவர் நம்பர்.

"போட்டோ தெரியுதுங்களா தம்பி?"

மானிட்டர் என் பக்கம் திரும்பியிருந்தது. "சரியா வரலைங்க" என்றேன். "இது என் தப்புதான். நானே கட்டிடறேன், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"கட்டாதீங்க." என் கையைப் பிடித்தே விட்டார். "கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரில்ல? வண்டிய வித்துட்டேன், எங்கிட்ட இல்லைன்னு எழுதிப் போடுங்க."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். அவர் படி இறங்கியதும் மனுவை மேஜைக்குக் கீழே புதிதாக வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டுப் பணத்தைக் கட்டினேன். பத்து நாள் கழித்து வந்தபோது ரசீதை நீட்டினேன். ஜெயித்துவிட்டீர்கள் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் அவர் இன்றைக்குத் தோட்டத்தில் இருப்பார். இதை அவர் வீட்டாரிடம் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

மறுநாளே திரும்பி வந்தார்.

"தம்பி, இதுல கட்டியாச்சுன்னு போட்டிருக்குதாமே. மலரு படிச்சுட்டு, நாம ஜெயிக்கலப்பா, ஒத்துக்கிட்டோம்னு சொல்லுது."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபக்காரர்களை எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். அவர் என் தோளில் கை வைத்து, "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா?" என்றார். "நாளைக்கு நானே அரூர் ஸ்டேஷனுக்குப் போயிடறேன். வண்டியில யாரு இருந்தாங்கன்னு போட்டோவுல தெரியுமாம்ல. அதப் பாத்துட்டு, இது நான் இல்லீங்க, வண்டி வித்தாச்சுன்னு நேர்லயே சொல்லிடறேன். தீந்துது."

பணம் கட்டினால் பாக்கிதான் போகும். போட்டோ போகாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நானே கூட்டிட்டுப் போறேங்க" என்றேன்.

"உங்களுக்கு என்னாத்துக்குத் தம்பி சிரமம்? பஸ்ல போயிக்கறேன்."

"வண்டி எங்கிட்டதான் இருக்குதுன்னு நான் வந்து சொன்னாத்தானே நம்புவாங்க?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

*

தன் பழைய வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். "சீட்டு மாத்தியிருக்கீங்க, நல்லா இருக்குது" என்றார். தக்காளி விலை பற்றிப் பேசினார். ஆயிரத்து நூறு அடி போட்டும் போர்வெல்லில் புகைதான் வந்தது என்றார். மகளுக்கு வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தில் தனக்கு ஒரு டார்ச் லைட் வாங்கித் தரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லையாம்.

மொரப்பூர் தாண்டிப் புளியமரம் வந்ததும் வண்டியை மெதுவாக்கினேன்.

"அந்த மரத்துக்குப் பின்னால ஒரு கெணறு இருக்குதுங்க. எட்டு வருஷமா காஞ்சு கெடந்துச்சாம், இப்பத் தண்ணி ஊறியிருக்குதுன்னு பேசிக்கறாங்க."

அவ்வளவுதான் சொன்னேன், சார். வா என்று கூப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. இந்த மாவட்டத்தில், காய்ந்த கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்க்காமல் போகிற விவசாயி கிடையாது. பெண் பார்க்கப் போகிற வழியில்கூட இறங்கிப் பார்ப்பான்.

"நெசமாவா?" என்றார். வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டார். எனக்கு முன்னால், கிட்டத்தட்ட ஓடினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீர் என்றால் அந்த மரியாதை. பிறகு இரண்டு கையையும் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக் குனிந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி ஒண்ணும் இல்லீங்களே தம்பி" என்றார். "பச்சையா என்னமோதான் கெடக்குது."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. நான் அவர் பின்னால் நின்றேன். மெலிந்த உடம்பு. பெரிய வேலையாக இருக்கவில்லை.

அவர் செருப்பையும் உள்ளே போட்டுவிட்டு, சென்டருக்கு வந்து மூன்று மணிக்கெல்லாம் திறந்துவிட்டேன். அன்றைக்கு வருமானச் சான்றிதழுக்கு நல்ல கூட்டம்.

அவர் வீட்டில் கேட்டபோது, அரூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன், வேறு வேலை இருக்கிறது என்று சொன்னார் என்றேன். தேடுவதற்கு நானும் இரண்டு நாள் போனேன். காணவில்லை என்ற மனுவையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

நாலாம் நாள் மலர்விழி வந்தாள். முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுத முகம்தான், ஆனால் குரல் நேராக இருந்தது.

"அண்ணா, பானுக்கா எந்தத் தேதியில பெங்களூர் போனாங்க?"

படிவத்தில் கேட்ட மாதிரி கேட்டாள். நானும் படிவத்தில் நிரப்புகிற மாதிரியே சொல்லிவிட்டேன். "அக்டோபர் பதினாலு, திங்கட்கிழமை."

தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். பச்சைப் புடவை, போர்டு, சிரிப்பு. கீழே தேதி, பதினாறு.

"அப்பா அன்னைக்குத் தன் போனை வூட்லயே சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டாரு. அவரு போகச் சொன்ன வேலைய நாமளாவது முடிக்கலாம்னு நேத்து நானே வண்டி நம்பரப் போட்டுப் பாத்தேன். ஓடிபி அந்த போனுக்குத்தான் வந்துச்சு."

போனைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன்.

"எங்கப்பா எங்க, அண்ணா?" என்றாள். அதே குரல்.

பேக்கரி வாசலில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கும், சார். சிபாரிசு செய்கிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

*

அடித்து முடித்துவிட்டாரா? கொடுங்கள், நானே படித்துக்கொள்கிறேன்.

ஒன்றாம் பக்கம் சரி. மனுக்களைப் பற்றி எழுதியிருப்பது சரி. பானுமதி விஷயம், நான் சொன்னபடியே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தீர்த்தகிரி விஷயமும் அப்படியே. இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். பேனா கொடுங்கள்.

ஒரு வரி மட்டும் எடுக்க வேண்டும். மூன்றாம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது வரி. 'அரூரில் வாகனம் நிறுத்தத் தடை செய்யப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு' என்று அடித்திருக்கிறார். அது தவறு. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அபராதத்தை நான் கட்டியதே அவசரத்தில் செய்த காரியம். கட்டியதை வைத்து ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்த்து மனுப் போட வழி இருந்தால் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள், இப்போதே எழுதித் தருகிறேன்.

நான் நின்றது நாலு நிமிடம்தான், சார். நான் நிறுத்தும்போது அங்கே போர்டு எதுவும் கிடையாது. பானுமதி வண்டியிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். சந்தேகமாக இருந்தால் அவளையே கேளுங்கள், சொல்வாள்.